ஐக்யூ 68 என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பாடம் பிடிபடவில்லை என்று பள்ளியில் சொன்னதால் ஒரு மையத்தில் ஐக்யூ டெஸ்ட், அதாவது அறிவுத்திறன் சோதனை, எடுத்தீர்கள். சராசரி 100 என்ற கணக்கில் 68 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீடே இடிந்துபோய் இருக்கும்போது உறவினர் ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் மற்ற இனத்தை மட்டம் தட்டக் கண்டுபிடிச்சது, அமெரிக்காவில் கோர்ட்டே தடை போட்டிருக்கு, கிழிச்சுப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. உளவியல் சோதனைகள் மீது மக்கள் வைக்கும் குற்றச்சாட்டு உண்மையா என்பது ஒன்று. உங்கள் கையில் இருக்கும் 68 உங்கள் பையனைப் பற்றி என்ன சொல்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே இரண்டாவதற்கும் போட்டுவிட முடியாது. நான் மருத்துவ உளவியல் படித்து, அரசு மருத்துவமனையிலும் பிறகு தனியாகவும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனைகளைப் பல வருடங்களாக எடுத்து வருகிறவள். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். பையனை நேரில் பார்க்காமல் அவனுக்கு என்ன என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று சொல்ல முடியும்.

உங்கள் உறவினர் சொன்னதில் பெரும்பகுதி நடந்த வரலாறுதான். தொடக்கம் மட்டும் அப்படி இல்லை. 1904-இல் பிரான்ஸ் கல்வி அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று கண்டறிவது அதன் வேலை. அதற்காக உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் முப்பது சிறு பணிகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார். குழந்தையின் அறிவு என்பது கூட்டவே முடியாத ஒரு நிலையான அளவு என்று பேசியவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார். அது கொடூரமான அவநம்பிக்கை என்றே 1909-இல் எழுதினார். 1911-இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சோதனை அமெரிக்காவில் என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஹென்றி காடார்ட் என்ற உளவியலாளர் நியூயார்க் எல்லிஸ் தீவில், பல நாள் கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சோதித்தார். யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் என்று அவர் சோதித்த சிறு குழுக்களில் ஐந்தில் நான்கு பேர் மந்தபுத்தி என்று 1917-இல் எழுதினார். பேனா பிடித்தே பழக்கம் இல்லாதவர்களைப் படம் வரையச் சொல்லி, வரையத் தெரியாததை மூளைக் குறை என்று கணக்கெழுதினார்கள்.

முதல் உலகப் போரில் 17 லட்சம் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு எழுத்துச் சோதனை நடந்தது. அதை வைத்துக்கொண்டு, வெள்ளை அமெரிக்கச் சிப்பாயின் சராசரி மனவயது (அறிவு எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறது என்ற கணக்கு) 13-தான் என்று பேச ஆரம்பித்தார்கள். வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் 1922-இல் தொடர் கட்டுரைகள் எழுதி அதை வெளுத்து வாங்கினார். நாட்டின் சராசரிப் பெரியவரின் அறிவு, சராசரிப் பெரியவரின் அறிவைவிடக் குறைவு என்று சொல்வது கணக்குக்கே ஒத்துவராது என்பது அவருடைய வாதம். உளவியலாளர் அல்லாத ஒருவர், உளவியலாளர்களைவிடத் தெளிவாக அளவையின் அடிப்படையைப் பிடித்த இடம் அது. ஆனால் கேட்க ஆள் இல்லை. 1927-இல் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவள், அவளுடைய தாய், கைக்குழந்தை மகள் என மூன்று தலைமுறையும் அறிவுக் குறை உள்ளவர்கள் என்று காட்டியதில் பினே சோதனையின் எண்களும் இருந்தன. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போய், நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பிடித்து, எட்டு வயதில் நோயில் இறந்தாள். இந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"கோர்ட்டே தடை" என்பது கலிஃபோர்னியா வழக்கு. 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் சில கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஐக்யூ குறைவு என்று சொல்லி அவர்களுடைய பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்காரவைத்திருந்தார்கள். அந்த வகுப்பில் வழக்கமான பாடம் கிடையாது. உள்ளே போன பிள்ளை வெளியே வருவதும் அரிது. மாநிலப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தனி வகுப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளை, கேள்வியை அவர்களுக்குப் பழகிய விதத்தில் கேட்டுத் திரும்பச் சோதித்தபோது அந்த வகுப்புக்கான ஐக்யூ வரம்புக்கு மேலே வந்தார்கள். 1979-இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினக் குழந்தைகளை அந்த வகுப்புகளுக்கு அனுப்ப ஐக்யூ சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அடுத்த வருடமே சிகாகோவில் இன்னொரு நீதிபதி, சோதனையின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தானே படித்துப் பார்த்து, சில கேள்விகள் மட்டுமே பாரபட்சமானவை, மொத்தமாகச் சோதனையில் குறையில்லை என்று நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். எனக்குப் பெக்கம் தீர்ப்புதான் சரி என்று படுகிறது. கேள்விகள் நல்லவையா என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த எண் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று கேட்டார்.

இந்தக் கதை இத்தோடு முடியவில்லை. பெரும்பாலும் யாரும் சொல்லாத பாகம் இனிமேல்தான். 1986-இல் அந்தத் தடை விரிவாக்கப்பட்டது. தனி வகுப்புக்கு அனுப்புவதற்கு மட்டும் இல்லை, சிறப்புக் கல்விக்கான எந்த மதிப்பீட்டுக்கும் கறுப்பினக் குழந்தைக்கு ஐக்யூ சோதனை எடுக்கக் கூடாது என்று ஆயிற்று. இப்போது வேறு பெற்றோர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அவர்களும் கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோரே. எங்கள் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் ஏதோ சிக்கல் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கச் சோதனை வேண்டும், மற்ற இனப் பிள்ளைக்குக் கிடைப்பது எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடையாது என்று கேட்டார்கள். அதே பெக்கம்தான் 1992-இல் அந்த விரிவாக்கத்தை நீக்கினார். 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரே சமூகத்துப் பெற்றோர், ஒரே சோதனை. முதல் வழக்கு அதை நிறுத்தச் சொல்லி, இரண்டாவது வழக்கு அதைத் தரச் சொல்லி. இரண்டு தரப்பும் சொன்னது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். முதல் வழக்கில் அந்த எண்ணை வைத்துப் பிள்ளையை ஓரங்கட்டினார்கள். இரண்டாவதில் அது ஒரு உதவிக்கு வழி. உங்கள் கையில் இருக்கும் தாளையும் நான் இப்படித்தான் பார்ப்பேன்.

சரி, இந்தச் சோதனைகளால் உறுதியாகச் சொல்ல முடிந்தது என்ன? பயிற்சி உள்ளவர் ஒரு குழந்தையைத் தனியாக உட்காரவைத்து எடுக்கும் ஐக்யூ சோதனை, பள்ளிப் படிப்பு எப்படிப் போகும் என்பதை ஓரளவு நன்றாகவே முன்கூட்டிச் சொல்கிறது. மதிப்பெண்ணுக்கும் ஐக்யூவுக்கும் உள்ள ஒட்டுறவு சுமார் 0.5 என்று அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 1996-இல் வெளியான அறிக்கையில் தொகுத்துச் சொன்னது. குழந்தைகளுக்கு இடையே மதிப்பெண்ணில் தெரியும் வித்தியாசத்தில் கால்பங்கை ஐக்யூவோடு சேர்த்துப் பார்க்க முடியும் என்று அதற்குப் பொருள். மிச்சம் முக்கால் பங்கு ஆசிரியர், வீடு, தூக்கம், ஆர்வம், பயம் என்று வேறு எங்கோ கிடக்கிறது. கால்பங்கு என்பது குறைவு இல்லை. மனிதர்களைப் பற்றிய அளவைகளில் இவ்வளவு சொல்பவை அதிகம் கிடையாது. அதே சமயம் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுத அது போதவும் போதாது. நல்லவனா, நாணயமானவனா, பெரியவனானதும் கடை நடத்துவானா, கல்யாணம் செய்து குடும்பத்தைப் பார்த்துக்கொள்வானா என்பதையெல்லாம் அந்தச் சோதனை கேட்கவே இல்லை.

அடுத்தது அந்த 68. இது ஒரு மதிப்பீடுதான். எல்லா அளவையிலும் பிழை உண்டு. நன்றாக எடுத்த சோதனையிலேயே ஐந்து புள்ளி மேலே கீழே என்று வைத்துப் படிக்க வேண்டும். ஆக உங்கள் பையனுக்கு 63 முதல் 73 வரை என்பதுதான் நேர்மையான வாசிப்பு. இது வெறும் கல்லூரிப் பாடம் இல்லை, உயிர் போகும் விஷயமாகவே இருந்திருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது. ஃப்ளோரிடா மாநிலம் அதற்கு 70 என்று கோடு போட்டது. ஃப்ரெடி லீ ஹால் என்ற கைதிக்கு 71 வந்தது. ஒரு புள்ளி கூடிவிட்டதால் வேறு எந்த ஆதாரத்தையும் பார்க்க மாட்டோம் என்றது மாநிலம். 71 என்றால் 66 முதல் 76 வரை என்று பொருள், அந்தப் பிழை அளவைக் கணக்கில் எடுக்காமல் கோடு போடுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரிலும் இதே கோடு இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அன்றாடத் திறன்களை அளக்கும் சமூக முதிர்ச்சி அளவையில் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீத ஊனம், 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம். அரசு உதவிகளில் பலவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரே ஒரு புள்ளியில் எல்லாம் மாறிவிடுகிறது. 2024-இல் புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது. அதனால் சான்றிதழ் பக்கம் போவதாக இருந்தால் நடப்பு அட்டவணையை மருத்துவக் குழுவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை எடுக்கும் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எண் பிறப்பது அங்கேதான். உண்மையான கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது, அதனால் நானே ஒன்று சொல்கிறேன். "ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன ஒற்றுமை?" என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். "ரெண்டும் விலங்கு" என்றால் முழு மதிப்பெண். "ரெண்டுக்கும் நாலு கால்" என்றால் பாதி. கிராமத்திலிருந்து வரும் பிள்ளை, "ரெண்டையும் எங்க ஆயா ஒண்ணா ஓட்டிட்டுப் போகும்" என்று சொல்லும். அது பூஜ்யம். அந்தப் பிள்ளை ஆட்டையும் மாட்டையும் நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது. வகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் பள்ளியிலும், கதை படித்துக் காட்டும் வீட்டிலும் வருவது. பூஜ்யத்தை எழுதிவிட்டு அந்தப் பதிலையும் பக்கத்தில் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைப்பவர் நல்ல பரிசோதகர். அறிக்கையில் அது தெரியும். அதே பிள்ளை சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்து, படத்தில் உள்ளதுபோல அடுக்கும்போது பார்க்க வேண்டும். ஒரு கட்டையைத் திருப்பிப் பார்க்கிறதா, சரியில்லை என்று தானே கலைக்கிறதா, நேரம் முடிந்த பிறகும் விடாமல் போட்டு முடிக்கிறதா, இல்லை முதல் தடங்கலிலேயே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைத் தேடுகிறதா. நேரம் தாண்டி முடித்தால் மதிப்பெண் கிடையாது. ஆனால் முடித்த பிள்ளையும் முடிக்காத பிள்ளையும் ஒன்றில்லை. அதனால்தான் எண்ணை மட்டும் எழுதிய ஒற்றைத் தாளை நான் அறிக்கையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எந்தச் சோதனை என்பதும் முக்கியம். நம் மருத்துவமனைகளில் பினே-காமத் சோதனையும் மாலின் சோதனையும்தான் அதிகம் புழங்குகின்றன. மிஸிக் என்று சொல்வது மாலினுடையதை. காமத் 1930-களில் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளை வைத்து உருவாக்கி, 1960-களில் திருத்தியது முதலாவது. அமெரிக்காவில் 1949-இல் வந்த வெக்ஸ்லர் சோதனையை நாக்பூரில் இருந்த பாதிரியார் மாலின் இந்தியாவுக்காக மாற்றியது இரண்டாவது, அதுவும் 1960-களின் வேலை. அன்றைய குழந்தைகளோடு ஒப்பிட்டுத்தான் உங்கள் பையனுக்கு எண் போடுகிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருப்பதை ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் 1984-இல் அமெரிக்காவிலும் 1987-இல் வேறு பல நாடுகளிலும் காட்டினார், அமெரிக்காவில் பத்து வருடத்துக்குச் சுமார் மூன்று புள்ளி. அதனால் பழைய அட்டவணை எண்ணை உயர்த்திக் காட்டும். மொழி பெயர்த்துக் கேட்பதும், பழக்கமில்லாத பொருள்களைப் பற்றிக் கேட்பதும் எண்ணைத் தாழ்த்தும். ஒரு குழந்தையிடம் இந்த இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்று வழியில்லை. வெக்ஸ்லரின் நான்காம் பதிப்புக்கு இந்தியக் குழந்தைகளை வைத்துப் போட்ட அட்டவணை உண்டு. ஆனால் விலை அதிகம், எல்லா இடத்திலும் இல்லை. ஒரு வகுப்பே சேர்ந்து எழுதும் சோதனையாக இருந்திருந்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். யாரைக் கூப்பிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மட்டும்தான் அது உதவும்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஐக்யூ எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமலே பல பிள்ளைகளைச் சோதனைக்கு உட்காரவைக்கிறார்கள். காதில் அடிக்கடி சீழ் வந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, கேள்வியைப் பாதிதான் கேட்கும். பார்வைக் குறை உள்ள பிள்ளைக்குப் படம் சரியாகத் தெரியாது. தைராய்டு குறைவு, கடுமையான ரத்தசோகை, இரவில் மூச்சடைத்துத் தூக்கம் கெடுவது, சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் வலிப்பு, வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், இவை எல்லாமே பிள்ளையை மந்தமாகக் காட்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அப்புறம், ஐக்யூ மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று சொல்லவே கூடாது. தானாகக் குளிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவது, மற்ற பிள்ளைகளோடு விதிப்படி விளையாடுவது போன்ற அன்றாடத் திறன்களையும் அளக்க வேண்டும். நம் ஊரில் அதற்குப் பெற்றோரிடம் பேட்டி எடுத்து நிரப்பும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு, குறைபாடு லேசா கடுமையா என்பதை ஐக்யூவை விட்டுவிட்டு இந்த அன்றாடத் திறனை வைத்துத் தீர்மானிக்கச் சொல்கிறது. உங்கள் பையன் வீட்டு வேலைகளில் வயதுக்கேற்ப நடந்துகொள்கிறான், படிப்பில் மட்டும்தான் தடுமாற்றம் என்றால் 68 என்ற எண்ணை மறுபடி யோசிக்க வேண்டும்.

எல்லாச் சோதனையும் ஒரே தரம் இல்லை என்பதால் இன்னொரு விஷயம். மக்கள் வைக்கும் விமர்சனம் சில சோதனைகளுக்கு முழுசாகவே பொருந்தும். விரல் ரேகையைப் பதிந்து, பிள்ளை டாக்டர் ஆவானா இன்ஜினீயர் ஆவானா என்று சொல்லும் டிஎம்ஐடி சோதனையைப் பள்ளிகளிலேயே முகாம் போட்டு விற்கிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அலுவலகங்களில் ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் கேள்வித்தாளில், சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வந்துவிடுகிறது. பேச்சுக்கு நன்றாக இருக்கும்; ஆள் எடுக்க, வேலை கொடுக்க அதை வைக்கக் கூடாது. மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும், ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட மைக்கறைச் சோதனை சந்தேகப் பட்டியலின் நடுவில் இருக்கிறது. அதை நிறுத்தியே வைக்க வேண்டும் என்று 1990-களின் கடைசியில் அறிஞர்களே கேட்டார்கள். அதுவரை வெளியான ஆய்வுகளை எல்லாம் 2013-இல் தொகுத்துப் பார்த்தபோது, சிந்தனை சிதறுவதையும் பார்ப்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதையும் அளக்கும் பகுதிகளுக்கு நல்ல ஆதாரம் இருந்தது, வேறு பல பகுதிகளுக்கு ஆதாரம் சொற்பம் அல்லது இல்லவே இல்லை. அந்தச் சிந்தனைப் பகுதிகளைப் பொறுத்தவரை பழைய விமர்சகர்களே பிறகு தங்கள் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார்கள். ஒரு சோதனையை மொத்தமாக நம்புவதும் மொத்தமாகத் தள்ளுவதும் தவிர்த்து, பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்த நல்ல வேலை அது.

இனி உங்கள் வேலை. அந்த மையத்துக்குப் போய் முழு அறிக்கை கேளுங்கள். எந்தச் சோதனை, எந்த மொழியில், எவ்வளவு நேரம், உள்ளே உள்ள பகுதிகளில் தனித்தனியாக என்ன மதிப்பெண், பிழை வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். பகுதி மதிப்பெண்தான் உயிர்நாடி. சொல் சார்ந்த பகுதியில் 58, கையால் செய்யும் பகுதியில் 80 என்று இருந்தாலும் இரண்டும் சேர்ந்து 70-ஐ ஒட்டித்தான் வரும். அப்படி இருந்தால் 68 என்ற மொத்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. கற்றல் குறைபாடு (அறிவு சரியாக இருந்தும் எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தடுமாறுவது), கேட்கும் குறை, வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாக இருப்பது என்று வேறு திசையில் தேட வேண்டும். இரண்டு பகுதியும் ஒரே மட்டத்தில் இருந்து, அன்றாடத் திறனும் பின்தங்கியிருந்தால், எண்ணை மறுத்துக் காலத்தை வீணாக்காதீர்கள். எடுத்தவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். ஆர்சிஐ பதிவு எண் கையெழுத்தின் கீழ் இருக்க வேண்டும். மறுசோதனை வேண்டுமென்றால் உடனே அதே சோதனையை எடுக்காதீர்கள், பழகிய கேள்வி எண்ணை ஏற்றிக் காட்டும். ஆறு மாதமாவது போகட்டும், ஒரு வருடம் என்றால் நல்லது. இல்லையென்றால் வேறு சோதனை எடுக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பத்துப் புள்ளிக்கு மேல் மாறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், ஏற்றத்திலும் இறக்கத்திலும். கொஞ்சமும் மாறாதவர்களும் நிறையப் பேர்.

கிழித்துப் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். குறைபாடு உறுதியானால் அந்த அறிக்கையின் வழியாகத்தான் சான்றிதழ், தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி, பராமரிப்பு உதவித்தொகை, நிராமயா மருத்துவக் காப்பீடு எல்லாம் வரும். கற்றல் குறைபாடுதான் என்று தெளிவானாலும் சலுகைக்கு அதே மதிப்பீடு தேவை. சோம்பேறி என்று வருடக்கணக்கில் அடிவாங்கிய பிள்ளைக்கு, இது அவன் தப்பில்லை என்று ஒரு தாள் சொன்ன பிறகு வீட்டில் அடி நின்றுபோனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த வேலையில் பெரிய ஆறுதல் அதுதான். ஆனால் பள்ளியில் இந்த எண்ணைக் காட்டி "வேறு ஸ்கூல் பாருங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. பையனிடம் எண்ணைச் சொல்ல வேண்டாம். அவன் காதுபட உறவினர்களிடமும் பேச வேண்டாம். உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் புரியும் என்று பார்த்தோம், இனிமேல் அந்த மாதிரி சொல்லித் தரப்போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் காது கேட்கும் பரிசோதனையும் கண் பரிசோதனையும் எடுத்துவிடுவேன். குழந்தை மருத்துவரிடம் தைராய்டும் ரத்தமும் பார்த்துவிடுவேன். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் டிஇஐசி மையத்துக்கோ, சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசின் நிறுவனத்துக்கோ, கையில் உள்ள அறிக்கையோடும் பையனின் நோட்டுப் புத்தகங்களோடும் போவேன். நோட்டுகளை மறக்காதீர்கள், அவன் எந்த எழுத்தைத் திருப்பிப் போடுகிறான், கணக்கில் எந்தப் படியில் நின்றுவிடுகிறான் என்பது அதில் இருக்கும். பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் யார் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் வருவார்.